மெயில் சர்வர் பச்சை காட்டுகிறது, மெயில் மட்டும் தாமதமாகிறது: எதைக் கண்காணிப்பது?

புதிதாகப் படிப்பவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கிவிடுகிறேன். 150 பேர் வேலை செய்யும் ஒரு நிறுவனம். சொந்த மெயில் சர்வர். உபுண்டுவில் மெயிலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸும், பெட்டியில் வைத்துப் படிக்கக் கொடுக்கும் டவ்காட்டும், நடுவில் வைரஸையும் ஸ்பேமையும் வடிகட்ட அமாவிஸும் கிளாம்ஏவியும். 25 (சர்வர்களுக்கிடையே மெயில்), 587 (ஊழியர்கள் அனுப்புவது), 993 (படிப்பது) ஆகிய போர்ட்டுகளை அப்டைம் கூமா என்ற கண்காணிப்புக் கருவி நிமிடத்துக்கு ஒரு முறை தட்டிப் பார்க்கிறது, மாதம் முழுக்கப் பச்சை. ஆனாலும் வாரத்தில் ஒரு நாளாவது "காலையில் அனுப்பிய மெயில் மத்தியானம்தான் வந்தது" என்று புகார் வருகிறது. எதையெல்லாம் கண்காணிக்க வேண்டும், எப்படி?

போர்ட் திறந்திருக்கிறது என்றால் அந்த ப்ராசஸ் உயிரோடு இருக்கிறது, அவ்வளவுதான் தெரியும். மெயில் போய்ச் சேர்கிறதா, எவ்வளவு நேரத்தில் சேர்கிறது என்பதை மெயில் அனுப்பிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். கடைக் கதவு திறந்திருப்பதை வைத்து உள்ளே வியாபாரம் நடக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள் இல்லையா, அதேதான் இங்கும்.

இதற்கு உலகம் முழுக்கப் பார்த்த ஓர் உதாரணம் இருக்கிறது. 2022 ஜனவரி 1 அன்று மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 சர்வர்களில் மெயில்கள் உள்ளேயே சிக்கிக்கொண்டன. காரணம், அதன் வைரஸ் ஸ்கேன் எஞ்சின் தன் அப்டேட் எண்ணைத் தேதியிலிருந்து உருவாக்கி 32 பிட் முழு எண்ணாக வைத்திருந்தது. அந்த வகை எண்ணில் அதிகபட்சம் 2147483647 வரைதான் போக முடியும். புத்தாண்டு அன்று வந்த எண் 2201010001. எஞ்சின் ஏறவில்லை, ஸ்கேன் நடக்கவில்லை, ஸ்கேன் ஆகாத மெயிலை சர்வர் மேலே அனுப்பாது, எல்லாம் டிரான்ஸ்போர்ட் க்யூ என்ற காத்திருப்பு வரிசையில் குவிந்தன. சர்வர் அணையவும் இல்லை, சர்வீஸ் நிற்கவும் இல்லை. போர்ட்டை மட்டும் தட்டிப் பார்க்கும் கண்காணிப்புக்கு இது சாதாரண விடுமுறை நாளாகத்தான் தெரிந்திருக்கும். உங்கள் பிரச்சினையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது என்று நினைக்கிறேன், கீழே வருகிறேன்.

ஆகவே முதல் வேலை, மெயிலை அனுப்பி அளப்பது. உங்கள் சர்வரில் ஒரு கணக்கு, வெளியே ஜிமெயில் போன்ற இடத்தில் ஒரு கணக்கு. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு ஸ்கிரிப்ட், சப்ஜெக்டில் தனி அடையாள எண்ணும் அனுப்பிய நேரமும் போட்டு மெயில் அனுப்பட்டும். மறுமுனையில் இன்னொரு ஸ்கிரிப்ட் ஐமேப் (பெட்டியிலுள்ள மெயிலைப் படிக்கும் முறை) வழியாக உள்ளே போய் அந்த எண்ணைத் தேடி, எத்தனை வினாடி ஆனது என்று பதிந்துவிட்டு மெயிலை அழிக்கட்டும். இதை மூன்று திசையிலும் செய்யுங்கள்: உள்ளிருந்து உள்ளே, வெளியிலிருந்து உள்ளே, உள்ளிருந்து வெளியே. உள்ளிருந்து உள்ளே போவதே மெதுவானால் கோளாறு உங்கள் டிஸ்க்கிலோ வடிகட்டியிலோ இருக்கிறது. வெளியிலிருந்து வருவது மட்டும் மெதுவானால் டிஎன்எஸ் (பெயரிலிருந்து ஐபியைத் தேடித் தருவது), எம்எக்ஸ் பதிவு (டொமைனின் மெயில் சர்வர் எது என்று டிஎன்எஸ்ஸில் சொல்வது), கிரேலிஸ்டிங் (புது ஆளை முதலில் "அப்புறம் வா" என்று திருப்பும் ஸ்பேம் தடுப்பு) பக்கம் போங்கள். வெளியே போவது மட்டும் என்றால் உங்கள் ஐபியின் நற்பெயரில் (மற்ற சர்வர்கள் அதை எவ்வளவு நம்புகின்றன என்பதில்) பிரச்சினை, அல்லது எதிர்ப்பக்கம் உங்களை மட்டுப்படுத்துகிறது. மூன்று கோடுகளையும் ஒரே வரைபடத்தில் போட்டால் எங்கே தேடுவது என்பது ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

இதில் சில இடங்களில் கவனம் வேண்டும். சோதனை மெயிலை வடிகட்டிக்கு விலக்கு கொடுத்து அனுப்பாதீர்கள். பலர் ஸ்பேமில் போய்விடுமே என்று விலக்கு போட்டுவிடுகிறார்கள். அப்புறம் ஸ்கேனர் செத்துக் கிடந்தாலும் சோதனை மெயில் மட்டும் ஜோராகப் போய்ச் சேரும். எதிர்ப்பக்கத்தில் ஸ்பேம் ஃபோல்டரையும் தேடச் சொல்லுங்கள். அங்கே கிடைத்தால் அதுவும் தோல்வி, ஆனால் வேறு வகைத் தோல்வி என்று தனியாக எண்ணிக்கொள்ளுங்கள். கிரேலிஸ்டிங் வைத்திருந்தால், ஒரே இடத்திலிருந்து ஒரே முகவரியில் திரும்பத் திரும்ப வரும் சோதனை மெயில் ஏற்கெனவே பழகிய முகமாகிவிடும். புதிதாக எழுதும் வாடிக்கையாளர் படும் தாமதத்தை அது காட்டாது. கடைசியாக, வெளியிலிருந்து 25ஆம் போர்ட்டைச் சோதிக்க கிளவுடில் ஒரு சின்ன மெஷின் எடுப்பதாக இருந்தால், கூகுள் கிளவுடும் ஏடபிள்யூஎஸ்ஸும் வெளியே போகும் 25ஆம் போர்ட்டை இயல்பாகவே அடைத்து வைத்திருக்கும். அது தெரியாமல் "சர்வர் கீழே" என்ற அலர்ட்டைத் துரத்தி ஒரு நாளை வீணாக்காதீர்கள்.

சராசரியைப் பார்க்காதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நூறு மெயிலில் தொண்ணூற்றைந்து எத்தனை வினாடிக்குள் சேர்ந்தன என்ற எண்தான் உபயோகமானது. மீதி ஐந்தின் சொந்தக்காரர்கள்தான் உங்களுக்குப் போன் செய்கிறார்கள்.

சரி, இப்போது க்யூ. எல்லாரும் க்யூவில் எத்தனை மெயில் இருக்கிறது என்று எண்ணுவார்கள். எண்ணிக்கையைவிட வயதுதான் முக்கியம். போஸ்ட்ஃபிக்ஸில் டெஃபர்டு க்யூவில், அதாவது ஒரு முறை போக முடியாமல் மறுமுயற்சிக்குக் காத்திருக்கும் வரிசையில், இருநூறு மெயில் கிடப்பது சாதாரணம்: தப்பாக அடித்த டொமைன், நின்றுபோன சர்வர், நிரம்பி வழியும் யாரோ ஒருவரின் மெயில் பெட்டி. அவை ஐந்து நாள் முட்டிப் பார்த்துவிட்டு பவுன்ஸ் ஆகும் (அனுப்பியவருக்கே திரும்பிவிடும்), போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பான ஆயுள் கணக்கு அது. ஆனால் ஆக்டிவ் க்யூ வளர்ந்துகொண்டே போனால் உடனே எழுந்து உட்கார வேண்டும், ஏனென்றால் அதில் இருப்பவை இப்போதே போக வேண்டியவை. க்யூஷேப் என்று ஒரு கருவி போஸ்ட்ஃபிக்ஸோடே வருகிறது. எந்த டொமைனுக்கு எத்தனை மெயில், 5 நிமிடம், 10, 20, 40 என்று எத்தனை நேரமாகக் காத்திருக்கின்றன என்பதை அட்டவணையாகக் காட்டும். ஜிமெயில் வரிசை மட்டும் பழசாகிக்கொண்டு போனால் அது உங்கள் நற்பெயர் விஷயம். எல்லா டொமைனும் சேர்ந்து பழசானால் கோளாறு வீட்டுக்குள்தான்.

உங்கள் புகாருக்கு நேரடி விடை தரக்கூடிய இடம் மெயில் லாக். போஸ்ட்ஃபிக்ஸ் ஒவ்வொரு டெலிவரிக்கும் எழுதும் வரியில் மொத்தத் தாமதமும், அதையடுத்து 'டிலேஸ்' என்று சாய்கோட்டால் பிரித்த நான்கு எண்களும் இருக்கும். முதல் எண், மெயில் வந்ததிலிருந்து ஆக்டிவ் க்யூவுக்குள் நுழையும் வரை ஆன நேரம். இரண்டாவது, ஆக்டிவ் க்யூவில் காத்திருந்தது. மூன்றாவது, எதிர்ப்பக்கத்தோடு இணைப்பு ஏற்படுத்த ஆனது, அதாவது டிஎன்எஸ் தேடல், ஹெலோ என்ற அறிமுக வணக்கம், டிஎல்எஸ் என்ற குறியாக்கம் எல்லாம் சேர்த்து. நான்காவது, மெயிலை ஒப்படைக்க ஆனது. 0.2/310/1.1/0.7 என்று இருந்தால் மெயில் 310 வினாடி ஆக்டிவ் க்யூவில் சும்மா நின்றிருக்கிறது, முன்னால் யாரோ வழியை அடைத்திருக்கிறார்கள். மூன்றாவது எண் பெரிதென்றால் உங்கள் டிஎன்எஸ்ஸையோ எதிர்ப்பக்கத்தின் நெட்வொர்க்கையோ பாருங்கள். நான்காவது பெரிதென்றால் வாங்கிக்கொள்பவர் மெதுவாக இருக்கிறார், பெரும்பாலும் அந்த "வாங்கிக்கொள்பவர்" 10024ஆம் போர்ட்டில் உட்கார்ந்திருக்கும் உங்கள் அமாவிஸாகத்தான் இருக்கும். முதல் எண் ஆயிரக்கணக்கில் போனால், அந்த மெயில் முன்பே முயற்சித்துத் தோற்று டெஃபர்டு ஆகித் திரும்ப வந்திருக்கிறது. அதே க்யூ எண்ணை வைத்து லாக்கில் பின்னோக்கிப் போய் முதல் தோல்விக்கான காரணத்தைப் படியுங்கள்.

உங்கள் விஷயத்தில் என் சந்தேகம் கிளாம்ஏவி மேல்தான். அதன் சிக்னேச்சர் டேட்டாபேஸ் மெமரியில் ஒரு ஜிபிக்கு மேல் எடுக்கும். 2020இல் வந்த 0.103 பதிப்பிலிருந்து, புது டேட்டாபேஸ் ஏறும்போது பழையதையும் மெமரியில் வைத்துக்கொண்டே ஸ்கேனைத் தொடரும். நல்ல வசதிதான், ஆனால் அந்தச் சில நொடிகளில் மெமரித் தேவை இரட்டிப்பாகிறது. மெமரி குறைவான சர்வரில் கெர்னல் பெரிய ப்ராசஸ் எது என்று பார்த்து கிளாம்டியை, அதாவது பின்னணியில் ஓடும் கிளாம்ஏவி ப்ராசஸை, கொன்றுவிடும். அதன்பின் அமாவிஸ் என்ன செய்யும் என்பது உங்கள் அமைப்பைப் பொறுத்தது. மாற்று ஸ்கேனராக கிளாம்ஏவியின் கிளாம்ஸ்கேன் கட்டளை இருந்தால் ஒவ்வொரு மெயிலுக்கும் அந்த டேட்டாபேஸ் முழுவதையும் முதலிலிருந்து ஏற்றும், மெயிலுக்கு மெயில் பல வினாடி போகும், அமாவிஸின் இயல்பான அமைப்பில் ஒரே நேரத்தில் இரண்டு வேலையாட்கள்தான். மாற்று இல்லையென்றால் 451 என்று தற்காலிகப் பிழை சொல்லித் திருப்பும், மெயில் டெஃபர்டு க்யூவுக்குப் போகும். டெஃபர்டில் விழுந்த மெயிலை போஸ்ட்ஃபிக்ஸ் முதலில் 300 வினாடி கழித்து எடுக்கும், மீண்டும் தோற்றால் இடைவெளி கூடிக்கொண்டே போய் 4000 வினாடி வரை, அதாவது ஒரு மணி நேரத்துக்கும் மேல் போகும். கிளாம்டி 11 மணிக்கே உயிர்த்தெழுந்தாலும் சில மெயில்கள் தங்கள் முறை வரும்வரை பன்னிரண்டு மணி தாண்டி உட்கார்ந்திருப்பது இதனால்தான். காலையில் அனுப்பியது மத்தியானம் வந்த கதை இதோடு நன்றாகவே ஒத்துப்போகிறது. கெர்னல் லாக்கில் மெமரி தீர்ந்து கிளாம்டி கொல்லப்பட்ட வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் மெமரியைக் கூட்டுங்கள். இல்லையேல் அந்த இணையான ஏற்றத்தை அணைத்து, ஏறும் நேரத்தில் ஸ்கேன் கொஞ்சம் நிற்பதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

அடுத்தது, என் பார்வையில் எல்லாவற்றையும்விட அவசரமான அலர்ட். எஸ்எம்டிபியில், அதாவது சர்வர்கள் மெயிலைக் கைமாற்றிக்கொள்ளும் மொழியில், 4இல் தொடங்கும் பதில் என்றால் "அப்புறம் வா", 5இல் தொடங்கினால் "வராதே". 4 சொன்னால், அல்லது சர்வர் மொத்தமாகவே படுத்துவிட்டால், அனுப்பியவரின் சர்வர் மெயிலை வைத்துக்கொண்டு மறுபடி முயலும். குறைந்தது நான்கைந்து நாள் முயல வேண்டும் என்றுதான் எஸ்எம்டிபி விதிமுறையே சொல்கிறது. ஆனால் தப்பாக ஒரு 5 சொல்லிவிட்டால் மெயில் அந்த இடத்திலேயே பவுன்ஸ். 2020 டிசம்பரில் ஜிமெயிலுக்கு இது நடந்தது. டிசம்பர் 14 அன்று கூகுள் லாகின் முக்கால் மணி நேரம் போல விழுந்தது, செய்தியெல்லாம் அதைப் பற்றித்தான். அதையொட்டி, ஓர் அமைப்பு மாற்றத்தில் எஸ்எம்டிபி சேவையின் டொமைன் பெயர் தவறாகிப்போய், நல்ல முகவரிகளுக்கே 550 5.1.1, அப்படி ஒரு கணக்கே இல்லை என்று ஜிமெயில் பதில் சொன்னது. மெயிலிங் லிஸ்ட் மென்பொருள்கள் இப்படி ஒரு பதிலைப் பார்த்தால் அந்த முகவரியைப் பட்டியலிலிருந்தே நீக்கும்படி எழுதப்பட்டவை. கூகுள் தன் பக்கத்தைச் சரிசெய்த பிறகும் அனுப்பியவர்கள் தங்கள் பட்டியல்களைச் சரிபார்த்து உட்கார வேண்டியிருந்தது. சும்மா படுத்துக்கிடக்கும் சர்வரைவிட, நிமிர்ந்து நின்று தப்பாகப் பதில் சொல்லும் சர்வர்தான் அதிகம் கெடுக்கும்.

ஆகவே உங்கள் சர்வர் சொல்லும் 5களை நிமிடக் கணக்கில் எண்ணுங்கள். ஸ்பேம் அனுப்புபவர்கள் இல்லாத முகவரிகளைத் தட்டிக்கொண்டே இருப்பதால் மொத்த எண்ணிக்கை எப்போதும் கொஞ்சம் இருக்கும்; அதை மட்டும் பார்த்தால் குழம்புவீர்கள். உண்மையில் இருக்கும் 150 முகவரிகளில் எதற்காவது "இல்லை" என்ற பதில் போனால், ஒரே ஒன்று போனாலும் அலர்ட் அடிக்கட்டும். கூடவே, அமைப்பில் பெரிய மாற்றம் செய்யும்போது போஸ்ட்ஃபிக்ஸில் சாஃப்ட் பவுன்ஸ் அமைப்பை ஆன் செய்துகொள்ளுங்கள். எல்லா 5களையும் 4ஆக மாற்றிவிடும், தப்பு நடந்தாலும் மெயில் தப்பிக்கும். வேலை முடிந்ததும் மறக்காமல் அணைக்க வேண்டும்.

வேகத்துக்கு வருவோம். இணைப்பு வந்ததிலிருந்து 220 என்று தொடங்கும் சர்வரின் வரவேற்பு வரி வரும்வரை எத்தனை நேரம் என்று அளங்கள். போஸ்ட்ஃபிக்ஸ் அந்த வரியைச் சொல்வதற்கு முன்பே வந்தவரின் ஐபிக்கு டிஎன்எஸ்ஸில் பெயர் தேடுகிறது, அதனால் இந்த நேரம் கூடினால் டிஎன்எஸ் தடுமாறுகிறது என்பதற்கு நல்ல முன்னறிவிப்பு. ஸ்பேம் அனுப்பும் மெஷின்களை வாசலிலேயே தடுக்கும் போஸ்ட்ஸ்கிரீன் வைத்திருந்தால் மட்டும் அது புது ஆட்களை வேண்டுமென்றே ஆறு வினாடி காக்க வைக்கும். கண்காணிப்புக் கருவியின் டைம்அவுட் ஐந்து வினாடியாக இருந்தால் பொய் அலர்ட்டாகக் கொட்டும், கருவியின் ஐபியை போஸ்ட்ஸ்கிரீனில் அனுமதித்துவிடுங்கள். ஐமேப் பக்கம், லாகின் நேரத்தோடு இன்பாக்ஸைத் திறக்கும் நேரத்தையும் அளங்கள், அதுவும் ஒரு பெரிய பெட்டியில். சோதனைக் கணக்கில் பத்து மெயில்தான் இருக்கும், எப்போதும் பறக்கும். முதலாளியின் பெட்டியில் அறுபதாயிரம் மெயில் இருக்கும், டிஸ்க் திணறுவது அங்கேதான் முதலில் தெரியும். அந்த அளவுக்கு ஒரு பொய்ப் பெட்டியை நிரப்பி வைத்துச் சோதியுங்கள்.

டிஸ்க்கில் இடம் எவ்வளவு மிச்சம் என்று எல்லாரும் பார்ப்பார்கள், ஐநோடு (ஃபைலுக்கு ஒன்று வீதம் தேவைப்படும் பதிவு) எண்ணிக்கையை மறப்பார்கள். மெயில்டிர் முறையில் ஒவ்வொரு மெயிலும் தனி ஃபைல், போஸ்ட்ஃபிக்ஸ் க்யூவிலும் அப்படியே. ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்தில் ஐநோடு விகிதம் ஃபார்மேட் செய்யும்போதே முடிவாகிவிடும், பின்னால் தனியாகக் கூட்ட வழியில்லை. 40 ஜிபி காலியாக இருக்கும்போதே "இடமில்லை" என்று சர்வர் சொன்னால் காரணம் இதுதான்.

சர்ட்டிபிகேட்டை ஃபைலைப் பார்த்துச் சோதிக்காதீர்கள், போர்ட்டில் கேட்டுச் சோதியுங்கள், ஒவ்வொரு போர்ட்டிலும் தனித்தனியாக. லெட்ஸ் என்க்ரிப்ட்டின் வழக்கமான சர்ட்டிபிகேட் 90 நாள்தான். ஸ்கிரிப்ட் ஃபைலைப் புதுப்பித்திருக்கும், டவ்காட்டை ரீலோட் செய்திருக்காது, அது பழையதையே நீட்டிக்கொண்டிருக்கும். 25இலும் 587இலும் ஸ்டார்ட்டிஎல்எஸ் (இனி குறியாக்கத்துக்கு மாறுவோம் என்ற கட்டளை) சொன்ன பிறகுதான் சர்ட்டிபிகேட் வரும், ஆகவே வெப்சைட்டுக்குப் போடும் சோதனையை அப்படியே இங்கே போட்டால் வேலை செய்யாது.

நற்பெயர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் கெடுபிடியைக் கூட்டியிருக்கின்றன. ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரு நாளில் 5000 மெயில் அளவுக்கு அனுப்பினால் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் (மெயில் உண்மையில் அந்த டொமைனிலிருந்துதான் வருகிறதா என்று சரிபார்க்கும் முறைகள்) மூன்றும் வேண்டும், ஸ்பேம் புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. உங்களைப் போன்ற சிறிய இடத்துக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம், ஐபிக்கு முறையான தலைகீழ் டிஎன்எஸ் (ஐபியிலிருந்து பெயரைத் தரும்) பதிவு, இரண்டும் கட்டாயம். உங்கள் ஐபி ஸ்பேம் கறுப்புப் பட்டியலில் இருக்கிறதா என்று சோதனை வைப்பதானால் சொந்த டிஎன்எஸ் ரிசால்வரிலிருந்து (டிஎன்எஸ்ஸில் தேடித் தரும் சர்வரிலிருந்து) கேளுங்கள், 8.8.8.8 போன்ற பொது ரிசால்வர் வழியாகக் கேட்டால் அப்படிப் பட்டியல் வைத்திருக்கும் ஸ்பாம்ஹவுஸ் 127.255.255.254 என்று பிழைக் குறியைத் திருப்பும், அரைகுறை ஸ்கிரிப்ட் அதையே "பட்டியலில் இருக்கிறோம்" என்று படித்துவிடும். இதைவிட முக்கியம், லாகின் பெயர் வாரியாக மணிக்கு எத்தனை மெயில் வெளியே போகிறது என்ற கணக்கு. நாளுக்கு முப்பது மெயில் அனுப்பும் அக்கவுண்ட்ஸ் பிரிவு ஊழியரின் கணக்கிலிருந்து இரவு இரண்டு மணிக்கு எண்ணூறு மெயில் போனால் அவருடைய பாஸ்வேர்ட் திருடுபோயிருக்கிறது. அப்போதே அந்தக் கணக்கைப் பூட்டினால் உங்கள் ஐபி தப்பிக்கும், காலை வரை விட்டால் பட்டியல் பட்டியலாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஒரு வாரம் ஓடும்.

அலர்ட்டுகள் கண்டிப்பாக இதே மெயில் சர்வர் வழியாக வரக் கூடாது. டெலிகிராமோ எஸ்எம்எஸ்ஸோ, இந்த சர்வரைச் சாராத ஏதாவது ஒன்று. அப்டைம் கூமா அதே மெஷினில் ஓடினால் அதையும் வெளியே எடுங்கள். சோதனை ஸ்கிரிப்ட்டே நின்றுபோனால் யார் சொல்வது? ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் வெளியிலுள்ள ஒரு சேவைக்கு அது "இருக்கிறேன்" என்று சொல்லட்டும், பதினைந்து நிமிடம் சத்தமில்லை என்றால் அந்தச் சேவை உங்களை எழுப்பட்டும்.

மேலிடத்துக்கு 99.9 சதவீதம் என்று அறிக்கை கொடுப்பதாக இருந்தால், அது 30 நாள் மாதத்துக்கு 43 நிமிடம். உள்ளே வரும் மெயில் ராத்திரி 43 நிமிடம் நின்றால் பெரும்பாலும் ஒருவருக்கும் தெரியாது, எதிர்ப்பக்க சர்வர்கள் மறுபடி கொண்டுவந்து கொடுத்துவிடும். காலை பத்து மணிக்கு ஐமேப் ஐந்து நிமிடம் நின்றால் அலுவலகமே உங்கள் மேசை முன்னால் நிற்கும். இரண்டையும் ஒரே எண்ணில் கலக்காமல், வருவது, போவது, படிப்பது என்று மூன்றாகப் பிரித்துக் கொடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. மூன்று திசை சோதனை மெயிலும், இருக்கும் முகவரிக்குப் போகும் 5களின் அலர்ட்டும் இந்த வாரம் போதும். அதற்கு முன், தாமதமான மெயில் ஒன்றின் லாக் வரிகளை, அமாவிஸுக்குப் போனதும் அதிலிருந்து திரும்பி வந்ததும் சேர்த்து, முகவரிகளை மறைத்துவிட்டு இங்கே போடுங்கள். கூடவே சர்வரில் எத்தனை ஜிபி மெமரி என்றும் சொல்லுங்கள். நான்கு எண்களைப் பார்த்தால் கிளாம்டிதானா, வேறு எங்காவது தேட வேண்டுமா என்று சொல்லிவிடலாம்.